மூன்றாவது ஒன்ஸ்மோர்

மாலை ஆறே முக்கால் மணி. முதலில் என் கண்ணில் பட்டது, டோலக் வாசிக்கும் அந்தோணி மாமாவின் கை அந்தரத்தில் நின்றதுதான். அவர் தட்டுவதற்குள் அம்மாவின் கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டுவிட்டது.

ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் அன்று நடந்தது, ஜெர்மன் மொழியின் பழைய பாட்டு நாடகம் ஒன்றின் தமிழ் வடிவம். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த பங்குச் சாமியார் கேசட்டைப் போட்டுக் கதை சொன்னார்: விருந்தில் முகமூடி அணிந்த பெண்ணிடம் மயங்கி ஒருவன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறான், அவள் அவன் மனைவி, குட்டு வெளிப்பட்டதும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். எங்கள் குழு விருந்தை விசைப்படகுக்கு மாற்றியது. கட்டிய புருஷன் ஜோடியாக நடித்தால்தான் பெண்கள் மேடையேறலாம் என்பது தெரு வழக்கம் என்பதால் அம்மாவுக்கு ஜோடி அப்பா. ஒத்திகையில் அவர் அடம்பிடித்தார்: "ஊரே பாத்துகினு கீது, நான் பொண்டாட்டி கால்ல வுழணுமா? மொதல்ல ஒண்ணு வுட்டுட்டு அப்பால வுழறேன்." அவர் கையை வீசுவார், சத்தத்தை டோலக் கொடுக்கும் என்று முடிவாயிற்று. வீசிய கையை நிறுத்தும் பழக்கம் அப்பாவுக்கு வீட்டிலும் இருந்ததில்லை.

அம்மா தடுமாறி நிமிர்ந்தாள். விசில் பறந்தது. முன்வரிசையில் மீன் விற்கும் ஸ்டெல்லா அத்தை, "இன்னா சத்தம் பாரேன், நெஜம் தோத்துடும்" என்றாள். "ஒன்ஸ்மோர்" என்று குரல் எழுந்தது. ஒன்ஸ்மோர் கேட்டால் மறுக்கக் கூடாது; பாட்டுக்கு இருந்த விதியை அன்று அறைக்கும் வைத்தார்கள். அப்பா மறுபடி அடித்தார், அதே இடது கன்னத்தில், காதோடு சேர்த்து. ஒன்பது வயதில் கோரஸ் வரிசையில் நின்ற நான், "மாமா, நெஜமாவே அடிக்கிறாரு" என்றேன்.

"தெரியுது. கம்முனு இரு, நாடகம் கெட்டுடும்" என்றார் அந்தோணி மாமா.

இரண்டாவது முறையும் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அப்பா கையை ஓங்கினார். விருந்து மேசையில் கலர் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த கண்ணாடி பாட்டிலை எடுத்து அம்மா அவர் நெற்றியில் அடித்தாள். ஒத்திகையில் மறுத்த அதே இடத்தில் அப்பா முழங்காலில் விழுந்தார். ரத்தம் மீசை வழியாகப் பலகையில் சொட்டியது. மண்டபம் ஒன்ஸ்மோர் கேட்டது.

ஏழு தையல். அம்மா அதன்பின் மேடையேறவில்லை. அப்பா கை ஓங்கியதும் இல்லை. பாட்டிலால் அடித்தது மட்டும் கதையில் தங்கிவிட்டது. பின்னாளில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வேறு குழுக்கள் அந்த நாடகத்தைப் போட்டபோது, அட்டை பாட்டிலை வைத்து அந்தக் காட்சியையும் நடித்தார்கள்.

இப்போது மண்டபம் இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. சென்ற மாதம் மூல நாடகத்தைப் போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மனைவி மோதிரத்தை நீட்டினாள், கணவன் சிரித்தபடி மண்டியிட்டான். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

"இவ்ளோதானாடி?" என்ற அம்மா, போனை வாங்கி வலது காதருகே வைத்துக்கொண்டாள். இடது காது அவளுக்குக் கேட்காது.