சரிங்க

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். அப்பா பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். எழுத்துப் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, "ப்ளஸ் டூ முடிச்சதும் கம்ப்யூட்டர்தான். காலேஜ்ல பேசிட்டேன்" என்றார். பாப்பா, நீ காபி டம்ளரை நீட்டியபடியே "சரிங்க மாமா" என்றாய். கம்ப்யூட்டர் படிப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தச் "சரிங்க" என்னுடையது. தலையை லேசாகச் சாய்ப்பது, பாதிக் குரலில் சொல்வது, எல்லாமே என்னுடையது. இதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டிலேயே கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாய்.

திருவெறும்பூரில் நான் வேலை பார்த்த பட்டறை உங்களுக்குத் தெரியும். பெரிய தொழிற்சாலைக்குக் குழாய் இணைத்துக் கொடுக்கும் சின்ன இடம். அங்கே எனக்குப் பெயரே "சரிங்க அண்ணன்". "சரிங்க அண்ணன்கிட்ட கேளு, அவரு நைட் ஷிப்ட் மாத்திக்குவாரு" என்பார்கள். நானும் மாற்றிக்கொள்வேன். "அண்ணே, உங்க கல்யாணத்துக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?" என்று ஒருவன் கேட்டபோது பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கல்யாணத்துக்கும் அப்படித்தான் சொன்னேன். அதில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "நீங்கதான் சீனியர். இனிமே சூப்பர்வைசரா இருங்க" என்றார். சரிங்க என்றேன். அதிலிருந்து என் வயிறு கெட்டது. ஒருவன் வந்து "அண்ணே, அரை நாள் லீவு" என்பான், சரி. இன்னொருவன் "அண்ணே, இந்த ஜாயிண்ட் போதும்ணே" என்பான், சரி. போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வராது. எல்லாரும் போன பிறகு அந்த ஜாயிண்டை அறுத்து நானே மறுபடி வெல்டிங் வைப்பேன். மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியது அந்த நாட்களில்தான். முதலாளி நல்லவர். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பழைய வெல்டிங் வேலைக்கே அனுப்பிவிட்டார். மறுநாளே எனக்குப் பசித்தது.

பிறகு ஆர்டர் வருவது நின்றது. பட்டறையை மூடிவிட்டார்கள்.

அந்த மாதங்களில் நான் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பியது வேலைக்கு என்று தம்பி நினைத்திருப்பான். இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஜங்ஷனில் இறங்குவேன். அங்கிருந்து திருவெறும்பூர், துவாக்குடி என்று ஒவ்வொரு கம்பெனி கேட்டாகப் போய் நிற்பேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தவுடனே கையை விரிப்பார். சில கேட்டில் வாட்ச்மேனே இல்லை, பூட்டுதான் இருந்தது. ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து சாப்பாட்டைத் தின்றுவிட்டு, வேலை விட்டு வருகிறவர்கள் கூட்டத்தோடு நானும் திரும்பி வருவேன். அம்மா மாவு அரைத்து விற்க ஆரம்பித்தது அப்போதுதான். காலையில் கிரைண்டர் சத்தம் கேட்டு விழிக்கும்போது, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். அது ஓடி முடிகிறவரை எழுந்து வர எனக்கு மனசு வராது.

அப்படி இருந்தபோதுதான் மாமா வந்தார். துவாக்குடிப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் பேசி முடித்திருந்தார்.

"மாப்ள, சூப்பர்வைசர் வேலை. வெள்ளை ஹெல்மெட்! சட்டை கசங்காம நிக்கலாம், கையை நீட்டி நீட்டி வேலை சொன்னாப் போதும். திங்கக்கிழமை வந்துருங்கன்னு சொல்லிட்டாங்க."

"சரிங்க மச்சான்" என்றேன்.

அவர் போனதும் அம்மா மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அது உங்களுக்கு ஒத்துக்காதே?"

"அப்ப வேற என்ன பண்றது?"

"அதைத்தான் கேக்குறேன். உங்களுக்கு என்ன வேலை வேணும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஈரக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பாத்தீங்களா? இதான் நீங்க. யாரு எதைக் கேட்டாலும், கேட்டவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் பதில் தேடுறீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு என் மூஞ்சியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் இத்தனை வயதில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை பஸ் பிடிக்க மனசில்லாமல் மாம்பழச்சாலை வரை நடந்தேன். அங்கேயும் ஏறாமல் பாலத்தில் ஏறி நடந்தேன். காவிரியில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். எதிரே யாரும் வரவில்லை. பஸ்ஸும் ஸ்கூட்டரும்தான் போய்க்கொண்டிருந்தன. பார்ப்பதற்கு ஒரு முகமும் இல்லாத இடத்தில், அம்மா கேட்டதை நானே என்னிடம் கேட்டுப் பார்த்தேன். உனக்கு என்னடா வேணும்?

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாத ஆளா நான் என்று பயமாக இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது ஒரு சத்தம். எண்ணெயில் வடை வேகிற மாதிரி, விடாமல் ஒரே சீராக வருகிற சத்தம். இரண்டு குழாய்களின் வாயைச் சேர்த்து வெல்டிங் வைக்கும்போது முதல் சுற்றை ரூட் என்போம். அதன் மேல் மற்ற சுற்றுகள் ஏறி மூடிவிடும். யார் கண்ணிலும் படாது. அது சரியாக ஓடும்போது அந்தச் சத்தம் கேட்கும். ஷீல்டை முகத்துக்கு நேரே பிடித்துவிட்டால் கறுப்புக் கண்ணாடியில் அந்த ஒரு நெருப்புப் புள்ளிதான் தெரியும். மனுஷ முகம் எதுவும் தெரியாது. அங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. அங்கே மட்டும்தான் எனக்கு எது சரி, எது தப்பு என்று உடனே தெரிகிறது, தப்பை அறுத்து எறியக் கையும் வருகிறது.

நான் முகத்துக்குப் பயந்தவன். அதனால்தான் நாள் முழுக்க முகங்களோடு இருக்கிற வேலை என்னைத் தின்றது. இவ்வளவுதான் எனக்குத் தெரியவந்தது. பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. பட்டறை மூடுவதற்கு முன்னால் தெரிந்திருந்தாலாவது உபயோகப்பட்டிருக்கும்.

பாலம் தாண்டி பஸ் ஏறி துவாக்குடி போய்ச் சேர்ந்தபோது கான்ட்ராக்டர் போனில் இருந்தார். மேஜை மேல் புது வெள்ளை ஹெல்மெட். அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த ஹெல்மெட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்கு ஆளுங்களை வேலை வாங்க வராதுங்க. வெல்டிங் இருந்தா குடுங்க. கூலி கொறைச்சலா இருந்தாலும் பரவாயில்ல."

அவர் போனைக் கீழே வைத்தார். "ஏங்க, அவனவன் மேல ஏற வழி தேடுறான். நீங்க ஏணியில ஏறுறதுக்கு முன்னாடியே எறக்கிவிடச் சொல்றீங்களே!"

"வராதுங்க" என்றேன் மறுபடியும்.

"வெல்டருக்கு என்கிட்ட சின்னப் பசங்க வரிசையில நிக்கிறாங்க. இந்த வேலை வேணும்னா பாருங்க. இல்லன்னா கெளம்புங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதி வரும் என நினைத்திருந்தேன். வரவில்லை. கையில் கிடைத்த சோற்றைத் தட்டிவிட்டவன் மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு என்ன சொல்வது என்று துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை யோசித்தேன்.

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கான்ட்ராக்டர் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார், மாமா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என் மானத்தை வாங்கிட்டீங்களே மாப்ள! பொழைக்கத் தெரியாத ஆளுக்கு என் தங்கச்சியைக் குடுத்துட்டேன்."

நீங்கள் இரண்டு பேரும் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். எனக்குக் கேட்டது. அம்மா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் பேசவில்லை. பேச அவளுக்குத் தெம்பு இல்லை. நான் வாய் திறந்தால் பழக்கத்தில் "சரிங்க மச்சான், நாளைக்குப் போறேன்" என்று வந்துவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

இன்றைக்கும் நிரந்தரமாக ஒன்றும் அமையவில்லை. திருவானைக்காவலில் ஒரு கிரில் கடையில் வேலை இருக்கும் நாளில் கூப்பிடுகிறார்கள். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. கூப்பிடாத நாளில் அம்மாவோடு மாவு பாக்கெட் கட்டுகிறேன். பயம் போகவில்லை. ஆனால் சாப்பிட முடிகிறது.

பாப்பா, மாமா நல்லவர். உன் நன்மைக்குத்தான் சொல்கிறார். கம்ப்யூட்டரே உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் படி. ஆனால் "சரிங்க" என்று சொன்னபோது நீ அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கவனித்தேன். இன்னொரு தடவை, யாரும் எதிரில் இல்லாதபோது அதையே சொல்லிப் பார். அப்போதும் அதே பதில் வந்தால் அது உன் பதில். தம்பி, உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் நீயும் கிரிக்கெட்டில் எல்லாருக்கும் பந்து பொறுக்கிப் போடுகிறாய். அதையும் கவனித்தேன்.

துவாக்குடி போய் வந்த அன்று சாயங்காலம், மாமா போன பிறகு நான் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் என் பழைய ஷீல்டு சாக்குப் பையில் கிடந்தது. அதில் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் காவலுக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடி இருக்கும். பொறி தெறிப்பதெல்லாம் அதன் மேல்தான். அது முழுக்கப் புள்ளி விழுந்து மங்கிப்போயிருந்தது. மறுநாள் போவதற்கு எனக்கு ஓர் இடமும் இல்லை. இருந்தாலும் அதைக் கழற்றி எடுத்தேன். பையின் அடியில் காகிதத்தில் சுற்றிக் கிடந்த புதுக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து மாட்டினேன். ஷீல்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தேன். பச்சையாக, சின்னதாக, தெளிவாகத் தெரிந்தது.