கடைசிப் பால்

பென்னாகரத்திலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ் நின்று திரும்பும் ஊர் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பால் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதுவரை எங்கள் ஊரில் யாரும் பாலாக விற்றதில்லை. கடைந்து நெய்யாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். என் அம்மா உருக்கும் நெய்க்குச் சந்தையில் தனிப் பெயர் இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி ஐம்பத்திரண்டு பேரைச் சங்கத்தில் சேர்த்தவர் அப்பா. அதனால் முதல் தலைவரும் அவரே. மூன்று முறை பாலில் தப்பு கண்டால் உறுப்பினரை நீக்கிவிட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தவரும் அவரே.

அந்த விதியில் முதலில் மாட்டியது எங்கள் வீடு.

எங்களிடம் ஒரே ஓர் எருமை. அந்த ஆண்டு அது கிடாக்கன்று ஈன்றிருந்தது. காலையில் கன்றைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பால் சுரக்கும் வரை அதை ஊட்டவிட்டு, பிறகு கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நிற்க வேண்டும். அம்மா கறப்பார். கறந்து முடித்ததும் கயிற்றை விட்டுவிடலாம். கன்று போய் மடியை முட்டும். கிடாவுக்கு வெறும் மடி போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். உழவுக்குக் காளைகள் இருந்தன. கிடாவை வளர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம்.

வாரம் ஒருமுறை பரிசோதகர் வருவார். பாலக்கோட்டுப் பக்கத்து இளைஞர். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அமிலம் சேர்த்து, கையால் சுற்றும் எந்திரத்தில் வைத்துக் கொழுப்பு பார்ப்பார். எருமைப் பாலுக்கு நூற்றுக்கு ஏழு வர வேண்டும். எங்கள் பாலுக்கு ஐந்து வந்தது. அடுத்த வாரமும் ஐந்து. தண்ணீர் கலந்திருந்தால் பால்மானி காட்டிக் கொடுத்திருக்கும். அதில் குறை இல்லை. அப்படியானால் முந்தின நாள் மாலைப் பாலை வைத்திருந்து, மேலே படியும் ஏட்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் காலைப் பாலோடு கலந்து ஊற்றுகிறார்கள் என்று பொருள். நெய்க்குப் பேர்போன வீடு வேறு. ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வரிசையில் நின்ற பெரியப்பா எல்லோர் காதிலும் விழும்படி, "தலைவர் வூட்டுல இன்னிக்கும் நெய்ச்சோறுங்களா?" என்று கேட்டார். அவர் தன் தம்பிக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார். எடுக்கவில்லை என்று அம்மா சொன்னார். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னார். அப்பாவே அடுக்களைக்குள் போய் நெய்ச்சட்டியை இறக்கிப் பார்த்தார். அடியில் பழைய கசடு மட்டும் இருந்தது. அதனால் அவருக்கு நிம்மதி வந்துவிடவில்லை. மூன்றாம் முறையும் ஐந்து வந்தால் பதவியும் போகும், உறுப்பினர் இடமும் போகும். தான் சேர்த்த ஐம்பத்திரண்டு பேர் முகத்திலும் அதன் பிறகு விழிக்க முடியாது. ஆகவே, வீட்டுக்கு வந்து கறவையை நேரில் பார்க்கும்படி பரிசோதகரை அவரே அழைத்தார். சாட்சிக்குப் பெரியப்பாவும் வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

அம்மா எப்போதும்போலக் கறந்தார். எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சொம்போடு எழுந்தார்.

பரிசோதகர் குனிந்து மடியைப் பார்த்தார். "அக்கா, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாருங்க."

"அவ்வளவுதானுங்க. வத்திருச்சு."

எனக்கு அப்போது பத்து வயது. எதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற பிடிவாதம் அப்போதே உண்டு. கரும்பலகையில் வாத்தியார் தேதியைத் தப்பாக எழுதினால் எழுந்து நிற்கிற பெண் நான்.

"இல்லீங்க சார், இன்னும் இருக்குது," என்றேன். "கன்னு தெனமும் ரொம்ப நேரம் குடிக்குது. வாயெல்லாம் நுரையா இருக்கும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்னை யாரு கேட்டா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே உட்கார்ந்து கறந்தார். இன்னும் அரைப்படி வந்தது, நல்ல கெட்டியாக. மடியிலிருந்து முதலில் வருவது தண்ணிப் பால், கொழுப்பெல்லாம் கடைசியில்தான் இறங்கும் என்று பரிசோதகர் விளக்கினார்.

"ஏட்டை யாரும் எடுக்கலைங்க தலைவரே. கன்னுக்குட்டி குடிச்சிருக்குது."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த மாதக் கூட்டத்தில் அப்பா நடந்ததைச் சொல்லி, உண்மை பேசியது தன் மகள்தான் என்றும் சொன்னாராம்.

அன்று மாலையிலிருந்து அப்பா பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு வரை கறக்க வைத்தார். அடுத்த சோதனையில் ஏழும் அதற்கு மேல் கொஞ்சமும் வந்தது. அம்மாவின் திருட்டுப் பெயரைத் துடைத்தவள் நானே என்று பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா அதற்காக என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம்கூட இருந்தது.

பதினேழாம் நாள் கன்று செத்தது. சங்கம் வந்த அந்த ஆண்டுகளில் பல வீடுகளில் கிடாக்கன்றுகள் செத்தன. யாரும் கொல்லவில்லை; குடிக்க விடவில்லை, அவ்வளவுதான். எங்கள் கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து எருமையின் முன்னால் நிறுத்தினார்கள். அது நக்கிக்கொண்டே சுரந்தது. இன்னும் ஒரு மாதம் பால் கிடைத்திருந்தால் அந்தக் கன்று புல் கடித்துப் பிழைத்திருக்கும்.

நெய் உருக்கியே பேர் வாங்கிய அம்மாவுக்கு, கொழுப்பு எந்தப் பாலில் இறங்கும் என்று பரிசோதகர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியப்பா வரிசையில் கேட்டபோதும், அப்பா நெய்ச்சட்டியை இறக்கிப் பார்த்தபோதும் அம்மாவிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.