தினம் ஒரு துண்டு

எங்கள் அப்பா தாராள மனசுக்காரர் என்று ஊரில் பலரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் துபாயிலிருந்து ஒரே அட்டைப்பெட்டியில் சாக்லேட்டையும் எடை பார்க்கும் மெஷினையும் வைத்துக் கட்டி அனுப்பிய இன்னொரு மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை. சாக்லேட் எனக்கு, மெஷின் அம்மைக்கு. நான் அப்போது நான்காம் வகுப்பு. பாறசாலை பக்கத்தில் இருந்த வீட்டில் நானும் அம்மையும் மட்டும்தான்.

ஓணத்துக்கு அப்பா விடுப்பில் வருவதற்குள் அம்மை மெலிந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் அழைப்பார். அம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெஷினில் ஏறி நிற்பாள். நான் போனைத் தாழ்த்திப் பிடித்து எண்ணைக் காட்ட வேண்டும். அப்பாவின் தங்கையான பெருங்கடவிளை அத்தையும் அந்த அழைப்பில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அண்ணன் மனைவியின் எடையில் அவளுக்கு அப்படியொரு அக்கறை!

அம்மையும் சும்மா இருக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கை விட்டாள். சோற்றை ஒரு அகப்பையாகக் குறைத்தாள். நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை; திரும்பும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தாள். சாக்லேட்டை மட்டும் விடவில்லை. பிரஷர் பார்க்கும் டாக்டரே சொல்லியிருந்தாராம்: “திங்கணும்னு கொதி வந்தா ஒரு துண்டு தின்னுங்க. அடக்கி அடக்கி வச்சா ஒருநாள் முழுசையும் தின்னிருவீங்க.”

எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. அதனால் பிரிட்ஜில் முட்டைக் குழிகளில்தான் சாக்லேட் இருந்தது. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து ஒரே ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு அடுக்களை நாற்காலியில் உட்காருவாள். மெல்ல மாட்டாள், கரைய விடுவாள். கரையும்வரை என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தவர்களைப் போலப் பேசிக்காட்டுவாள். அம்மை அப்படிச் சிரித்து நான் வேறு நேரத்தில் பார்த்ததில்லை. எடையும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா என்னிடம் தனியாக ஒரு காரியம் ஒப்படைத்திருந்தார். “மக்கா, அம்மை சாக்லேட்டில கை வச்சா எனக்கிட்ட சொல்லணும், கேட்டியா. நீயாக்கும் அங்க என் ஆளு.” ஒரு துண்டெல்லாம் கை வைத்த கணக்கில் வராது என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மெஷினில் எண் அசையவில்லை. அப்பாவின் முகம் சுருங்கியது. “என்னடீ, போன ஆழ்ச்ச நின்னதிலேயே நிக்குது?”

அம்மை பதில் சொல்வதற்குள் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. “அம்மை தினமும் சாக்லேட் தின்னும் அப்பா, எனக்குத் தெரியும்!”

அத்தைக்கு அது போதும். “அய்யோ, அண்ணன் அங்க வெயில்ல கெடந்து காயுது, இவ இங்க ஒளிச்சு வச்சுத் தின்னுதாளா?”

“ஒளிச்சொண்ணும் இல்ல. ஒரு துண்டு. டாக்டர் சொன்னதாக்கும்” என்றாள் அம்மை. மெஷினை விட்டு இறங்கக்கூட இல்லை.

“கொதிச்சி!” என்றார் அப்பா, தீனிக்கு அலைகிறவள் என்று. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சொல் எனக்கும் வேடிக்கையாக இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று நினைத்தாலும் என் வாயில் நானே சூடு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போனை வைத்ததும் அம்மை குழிகளில் இருந்த அத்தனையையும் எடுத்து என் மடியில் கொட்டினாள். “நீயே தின்னு மக்கா. எனக்கு இனி கொதி இல்ல.” கோபமாகச் சொல்லவில்லை. நான் அவள் முன்னாலேயே இரண்டு துண்டு தின்றேன், வெட்கம் கெட்டவள்.

மறுநாளிலிருந்து குளித்துவிட்டு வந்ததும் நேராகப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஓணத்துக்கு வந்த அப்பா, “நல்லா மெலிஞ்சுட்டாளே!” என்று சொல்லி, அதற்குக் காரணம் நான்தான் என்று அத்தையிடம் என்னைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மைக்கு மார்த்தாண்டத்தில் ஒரு அக்கா உண்டு. இருவரும் போனில் நெடுநேரம் பேசுவார்கள். அந்த ஓணத்துக்குப் பிறகு நான் அடுக்களைக்குள் நுழைந்தால், “சரி அக்கா, பொறவு கூப்பிடுதேன்” என்று அம்மை வைத்துவிடுவாள். நான் வரும்போதெல்லாம் அவர்கள் பேச்சு சரியாக முடிந்துவிடுகிறது என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.