சாயப் புத்தகத்தைத் தேடிய பிற்பகல்

சனிக்கிழமை காலைகளில் எங்களுக்கு வகுப்பு கிடையாது, அடுக்கு வாசிப்பு உண்டு. பெயரைக் கேட்டு, உட்கார்ந்து படிக்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் முதல் வாரம் போனேன். வாசிக்க வேண்டியது புத்தகங்களை அல்ல, அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்களை. ஆளுக்கு ஓர் இரும்பு அடுக்கு. இடது ஓரத்தில் தொடங்கி, எண்கள் ஏறிக்கொண்டே போகின்றனவா என்று விரல் வைத்து நகர வேண்டும். எங்காவது எண் பின்னோக்கிப் போனால், அங்கே இருப்பது இடம் மாறி வந்த புத்தகம். அதை உருவி எடுத்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.

செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டு, நாற்பது தாண்டிய வயதில், காஞ்சிபுரத்தில் நூலக அறிவியல் படிக்கச் சேர்ந்திருந்தேன். உலகத்தை அரசியல், குற்றம், சினிமா, விளையாட்டு என்று மடித்துப் பழகியவனுக்கு அந்த அடுக்குகள் முதலில் ஒரு திகைப்பைத் தந்தன. தேனீயின் நோய்க்கு ஓர் எண் இருந்தது. பாலம் இடிவதற்கு ஓர் எண். கனவுக்கு ஓர் எண். இன்னும் யாரும் எழுதாத புத்தகத்துக்கும் இடையில் தசமப் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தார்கள். பூச்சி உருண்டை வாசம் அடிக்கும் அந்தக் கூடத்தில் நின்றபோது, பெரிய கோயிலின் உள்பிராகாரத்தில் நடக்கும்போது தானாகக் குரல் தாழ்வதுபோல எனக்குக் குரல் தாழ்ந்தது.

எங்கள் வகுப்பில் முப்பது வயதைத் தாண்டிய இன்னொருவர், ஒரு பட்டுக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். ஓரிக்கைப் பக்கம் வீடு. ஞாயிறு காலை தேவாலயம், மத்தியானம் கடை, மற்ற நாட்களில் வகுப்பு முடிந்து கடை. வகுப்பே அவரைப் பட்டுக்கடை அக்கா என்று கூப்பிட்டது. என்னைவிட இளையவர் என்றாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணா என்பார். ஒரு தனியார் கல்லூரியில் நூலகர் வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தார்கள். மாத முடிவுக்குள் பட்டம் முடித்த சான்றைக் காட்ட வேண்டும். அதற்கு ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு நடந்தாக வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் ஒருமுறை திரும்பிப் போனால் மறுபடி அடுத்த பருவத்தில்தான் வருவார். அதற்குள் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

அவருடைய ஆய்வேடு, காஞ்சிபுரத்துப் பட்டுத் தொழிலைப் பற்றி இந்த ஊரிலேயே அச்சான சிறு புத்தகங்கள், துண்டு வெளியீடுகள் எல்லாவற்றின் விவரப்பட்டியல். ஒவ்வொன்றுக்கும் அளவு, பக்கம், அச்சகம், பிறகு உள்ளடக்கத்தைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியம். இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு: கையில் எடுத்துப் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. நேரில் பார்க்காததை எழுதாதே என்று எனக்கும் ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார், ஆனால் செய்தியில் யாரும் வந்து சரிபார்ப்பதில்லை. இங்கே சரிபார்ப்பார்கள். தேர்வாளர் பட்டியலில் எதையாவது சுட்டி, கொண்டு வாருங்கள் என்பார். மேசைக்கு அது வந்தாக வேண்டும். வராவிட்டால் முழுப் பட்டியலின் மேலும் சந்தேகம் விழும்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், பட்டியலில் உள்ள அத்தனையையும் எடுத்து ஒரு தள்ளுவண்டியில் அடுக்கினோம். ஒன்று மட்டும் இல்லை. பாலாற்றுத் தண்ணீரில் பட்டுக்குச் சாயம் ஏற்றுவதைப் பற்றிய, நாற்பது பக்கத்துக்கும் குறைவான ஒரு புத்தகம். முதுகே இல்லாத அளவுக்கு ஒல்லி. எண் ஒட்ட இடமில்லாமல் முன் அட்டையில் ஒட்டியிருந்தார்கள். வேறு எங்கும் இதற்குப் பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியாது.

கணினியில் தட்டினால், அடுக்கில் உள்ளது என்று வந்தது. சாயத் தொழில் அடுக்கில் அது இல்லை. இரண்டு பக்கமும் இருந்த தடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தோம், ஒல்லிப் புத்தகம் உள்ளே செருகிக்கொண்டிருக்கலாம் என்று. அங்கேயும் இல்லை.

"கடையில ஒரு புடவை மாறி வெச்சா ஓனர் மூணாவது நிமிஷம் பாத்துடுவாரு," என்றார் அக்கா. "இங்க யாரு பாக்கறது?"

ஐயம்பேட்டையிலிருந்து வரும் வகுப்புத் தோழன், வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பையன், ஏணியின் மேல்படியில் இருந்து சொன்னான்: "கடவுள் பாப்பாருக்கா."

"நீ மாத்தி வெச்சிருந்தா அவருக்கும் தெரியாதுப்பா. எறங்கு மொதல்ல."

பழைய வேலையின் பழக்கத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: கடைசியாக அதைப் பார்த்தது யார், எங்கே? அக்கா யோசித்தார். வகைப்பாட்டுச் செய்முறை வகுப்பில் பார்த்ததாகச் சொன்னார். அதைக் கேட்டதும் எங்கள் பேராசிரியை நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

அந்தச் செய்முறை வகுப்பு இப்படி நடக்கும். வண்டியில் கலந்துகட்டிப் புத்தகங்கள் வரும். ஆளுக்கு ஒன்று. அட்டையில் ஏற்கனவே உள்ள எண்ணைக் காகிதம் வைத்து மறைத்துவிட்டு, இந்தப் புத்தகம் எந்த அறிவுத்துறையைச் சேர்ந்தது என்று நாமே தீர்மானித்து, எண் கட்டி, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பென்சிலில் சிறிதாக எழுத வேண்டும். பேராசிரியை பார்த்து மதிப்பெண் போட்ட பிறகு அழித்துவிட்டு, பழைய எண்ணின்படியே திரும்ப வைக்க வேண்டும்.

"அழிக்காம விட்டிருக்கீங்க," என்றார் பேராசிரியை. "அடுக்கப் போனவங்க பென்சில் நம்பரைப் பாத்து வெச்சிருக்காங்க. இந்தத் தப்பை வெளியாள் யாரும் செய்ய முடியாது. நாமதான் செய்ய முடியும்."

அப்படியானால் புத்தகம் தொலையவில்லை. எங்களில் ஒருவர் எண்ணிய இடத்தில் இருக்கிறது. யாருக்கு எந்தப் புத்தகம் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை, பேராசிரியைக்கும் இல்லை. அவர் பலகையில் புத்தகத்தின் தலைப்பை எழுதினார். எல்லோரும் உட்காருங்கள், பக்கத்தில் பார்க்காமல் எண் போடுங்கள் என்றார்.

சீட்டுகளை வாங்கி அவர் பலகையில் ஒவ்வொன்றாக எழுதினார். ஒரே தலைப்பு. ஐயம்பேட்டைத் தோழன் பட்டு நெசவில் வைத்திருந்தான். குடிநீர் வாரியத்தில் அப்பா வேலை பார்க்கும் பெண், தண்ணீர் வழங்கலில். வேறொருவர் ஆறுகளைப் பற்றிய புவியியலில், இன்னொருவர் வேதியியலில், ஒருவர் கைத்தொழில் பொருளாதாரத்தில். நான் உள்ளூர் வரலாற்றில் போட்டிருந்தேன்.

"அண்ணாவுக்கு எதைக் குடுத்தாலும் ஊர்ச் செய்திதான்," என்றான் தோழன்.

"உனக்கு எதைக் குடுத்தாலும் தறி," என்றார் அக்கா. அவர் மட்டும்தான் நூலகம் போட்ட அதே எண்ணைப் போட்டிருந்தார். சாயம்.

ஆளுக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் பிரிந்தோம். நான் புவியியலுக்கும் போனேன், பொறியியலுக்கும் போனேன். நாங்கள் தினமும் பாலத்தின் மேல் கடக்கிற, பெரும்பாலும் மணலாகவே கிடக்கிற அதே ஆறு, ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறாக இருந்தது. ஓரிடத்தில் பாறை அடுக்கு. ஓரிடத்தில் அணைக்கட்டின் சிமெண்ட் விகிதம். ஓரிடத்தில் படையெடுப்பு வழி. சமய அடுக்கில் தீர்த்தம். அத்தனை பேர் அத்தனை மேசைகளில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே நீரைப் பார்த்திருக்கிறார்கள். எதற்காக வந்தேன் என்பதைக்கூட ஒரு கணம் மறந்து நின்றேன். தேடிய புத்தகம் எந்த இடத்திலும் இல்லை.

திரும்பி வந்தபோது அக்கா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். "விடுங்க மேடம். அந்த ஒரு பதிவை நாளைக்கு டேபிள்லயே அடிச்சிடறேன்," என்றார். பேராசிரியை, பைண்டு போட்ட ஆய்வேட்டில் கோடு கிழித்தால் அதை ஏன் கிழித்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும் என்றார். பிறகு வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு வரல?"

திருமுக்கூடலில் இருந்து வரும் பெண் வரவில்லை. விவசாயம் பார்க்கும் சமணக் குடும்பம். அண்ணன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க விடுப்பு. பேராசிரியை தன் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். பின்னணியில் யாரோ, இந்த பார்டர் பாருங்கம்மா, இது வேற, என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், லீவு போட்டா போன்லயே டெஸ்டா?"

"டெஸ்ட் இல்லம்மா. பாலாத்துத் தண்ணி, பட்டுச் சாயம், அந்தச் சின்னப் புத்தகம். நீ நம்பர் போட்டா என்ன போடுவ?"

"சிக்ஸ் தர்ட்டி ஒன் பாயிண்ட் ஃபோர்." யோசிக்கவே இல்லை.

"மண்ணா?"

"மண்ணுதான் மேடம். கடைசி அத்தியாயம் முழுக்க அதானே. சாயம் போட்டுட்டு ஊத்தற தண்ணி எங்க போவுதுன்னு எழுதியிருக்காரே. வேகவதி ஆத்துல எறங்கி எங்க ஊருலதான் வந்து சேருது. எங்க நெலத்துல ஒரு மூலையில வேர்க்கடலை புடிக்கவே புடிக்காது. அதைப் படிச்சிக்கினு இருந்தப்பதான் ஏன்னு புரிஞ்சுது." பிறகு கேட்டாள்: "ஏன், யாரும் கடைசி வரைக்கும் படிக்கலையா?"

அக்கா கைப்பேசியின் பக்கம் குனிந்து, "எங்க கடைக்கு வராம அங்க ஏன்டீ போன?" என்று கேட்டுவிட்டு, அடுக்கை நோக்கி ஏற்கனவே நடந்துகொண்டிருந்தார்.

மண்ணியல் அடுக்கில், கையளவு கனமுள்ள இரண்டு பாடப்புத்தகங்களுக்கு நடுவில் அது இருந்தது. அட்டையில் சாயத்தின் எண். தலைப்புப் பக்கத்தின் பின்னால், வட்ட வட்டமான கையெழுத்தில், பென்சிலில் மண்ணின் எண். ஐயம்பேட்டைத் தோழன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தங்கம் கிடைத்தவனைப்போல எல்லோருக்கும் காட்டப் போனான். அக்கா வாங்கிக்கொண்டார். அடுக்குகளுக்கு நடுவில் கிடந்த கால்பலகையில் உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என்னக்கா, கெடச்சிடுச்சில்ல?" என்றான் அவன்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கையில எடுத்தேன் அண்ணா. ஸ்கேல் வெச்சு அளந்தேன். கடைசிப் பக்கத்தைக்கூடத் திருப்பினேன், எத்தனை பக்கம்னு நம்பர் பாக்க. படிக்கல."

ஆய்வேட்டில் இந்தப் புத்தகத்துக்கு அவர் எழுதியிருந்த குறிப்பு, சாயத்தின் நிறங்களையும் ஆற்று நீர் பட்டுக்குத் தரும் பளபளப்பையும் பற்றிய இரண்டு வாக்கியங்கள். நிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆய்வேட்டின் பிரதிகள் எல்லாம் ஏற்கனவே தேர்வாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

"சும்மா இருக்கா. அவரு இதைக் கேக்கவே போறதில்ல," என்றான் தோழன். பேராசிரியை, "உங்க பட்டியல், உங்க முடிவு," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை தேர்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. திறந்த தேர்வு என்பதால் நாங்கள் எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம், திருமுக்கூடல் பெண்ணும் வந்துவிட்டாள். அவர் பட்டியலைப் புரட்டி மூன்று பதிவுகளைச் சுட்டினார். மூன்றும் மேசைக்கு வந்தன. அளவுகளைத் தன் சொந்த அளவுகோலால் சரிபார்த்தார். சாயப் புத்தகத்தை அவர் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து, மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்றார். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. இல்லை சார், நன்றி சார் என்று சொல்லிவிட்டு எழ வேண்டும்.

"ஒரு பதிவு சரியா இல்ல சார்," என்றார் அக்கா. பக்க எண்ணைச் சொன்னார். வண்டியிலிருந்து சாயப் புத்தகத்தை எடுத்து வைத்தார். "கடைசி அத்தியாயத்தைப் படிக்காம எழுதிட்டேன்."

என் பக்கத்தில் ஐயம்பேட்டைத் தோழன் கண்ணை மூடிக்கொண்டான்.

தேர்வாளர் பேனாவை மூடினார். புத்தகத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். எத்தனையோ செய்தியாளர் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பலர் முன்னிலையில் ஒருவர் ஒரு புத்தகத்தை முழுக் கவனத்தோடு படிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப இதை எங்க வெப்பீங்க? சாயத்திலயா, மண்ணிலயா?"

"அடுக்கில ஒரு எடம்தான் சார் குடுக்க முடியும். சாயத்திலயே இருக்கட்டும். ஆனா தேடி வர்றவங்க எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் இதுகிட்ட வந்து சேரணும். அதுக்கு நூலகப் பட்டியல்ல வழி போடலாம்."

"போடலாமா, போடுவீங்களா?"

"போடுவேன் சார்."

"இப்ப போட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் கையெழுத்து."

அக்கா மூலையில் இருந்த கணினிக்குப் போனார். பேராசிரியை தன் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர் பின்னால் போய் நின்றோம், தேர்வாளரும் வந்தார். அக்கா அந்தப் புத்தகத்தின் பதிவில் மண் என்று பொருள் தலைப்புச் சேர்த்தார். கழிவுநீர் என்று சேர்த்தார். வேகவதி என்று சேர்த்தார். பிறகு தேடும் பெட்டியில் மண் என்று தட்டினார். பட்டியலில் அத்தனை தடித்த புத்தகங்களின் தலைப்புகளுக்கு நடுவில், அந்த ஒல்லிப் புத்தகம் வந்து நின்றது. வேகவதி என்று தட்டினார். அங்கேயும் வந்தது.

"வேர்க்கடலைன்னு போட்டுப் பாருங்க," என்றாள் திருமுக்கூடல் பெண்.

வரவில்லை. அக்கா புத்தகத்தைப் பிரித்து, அந்தப் பயிரைப் பற்றிய பத்தியை விரல் வைத்துக் கண்டுபிடித்தார். முழுவதும் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். அதன் பிறகுதான் அந்தச் சொல்லைச் சேர்த்தார்.

தேர்வாளர் மேசைக்குத் திரும்பி வந்து, நின்றபடியே மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார்.