அலுமினியத் தாளில் விழுந்த ஓட்டைகள்

பண்டமாரானில் என்னோடு வாடகை வீட்டில் இருக்கும் மாலதி அக்காவைத் திருடி ஆக்கியவள் நான்.

எலுமிச்சை ஊறுகாயை எவர்சில்வர் பாத்திரத்தில் விளிம்புவரை நிரப்பி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடியிருந்தேன். இரண்டே நாளில் தாள் முழுக்க ஓட்டை. புதுத் தாள் போட்டேன். மறுபடியும் ஓட்டை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வேணும்னா கேளுங்க லா அக்கா! ஏன் விரல விட்டு நோண்டுறீங்க?”

அக்கா தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஊறுகா பட்ட எடத்துல மட்டும்தான் ஓட்டை. ஓரத்துல ஒண்ணுகூட இல்ல, பாரு. ஊறுகாயும் கொறையல. நீதானே முலாம் பூசுற ஃபேக்டரில வேல செய்ற?”

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். அமிலமும் உப்பும் கலந்த தொட்டியில் நிக்கல் கட்டி கரைந்து சிறுப்பதைத் தினமும் நின்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இங்கே ஊறுகாய்ச் சாறுதான் தொட்டி. எவர்சில்வர் ஒரு மின்முனை, தாள் இன்னொன்று. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு ஒரே சாற்றில் நனைந்தால் தானாகவே மின்சாரம் ஓடும்; அதில்தான் தாள் கரைந்திருக்கிறது. இத்தனை வருட வேலையில் இதுகூட என் மண்டையில் ஏறவில்லையே!

இப்போது ஊறுகாய் கண்ணாடி போத்தலில் இருக்கிறது. நானே எடுத்துப் பரிமாறினாலும் அக்கா தட்டை நகர்த்திக்கொள்கிறார்.

“வேணாம் லா.”