சாமை மாவுக்கு நான் வைத்த பேர்

பேர் வைத்தது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

என் மனைவி சாமைக் கஞ்சி மாவு விற்க ஆரம்பித்த புதிது. சித்தேரி மலையிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ்ஸில் வந்து இறங்கும் சாமையை அவளே பார்த்து வாங்கி, வறுத்து, மிஷினில் அரைத்து வருவாள். கவரில் என்ன பேர் போடுவது என்று கேட்டாள். "சித்தேரி சாமைக் கஞ்சி மாவு" என்றேன். எந்த ஊர்ச் சரக்கு, உள்ளே என்ன இருக்கிறது, இரண்டும் பேரிலேயே வந்துவிட்டது. உரக்கடையில் பில் போடுகிறவனுக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கவர் அச்சடிப்பவர் ஐயாயிரம் கவருக்குக் குறைந்து அடிக்க முடியாது என்றார். எங்கள் தெருவில் பூண்டு மூட்டையானாலும் பங்கு போட்டுத்தான் வாங்குவது வழக்கம். மாதா கோவிலில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வரும் ஐந்து பெண்களும் அதே மாவை அரைக்கத் தொடங்கியிருந்தார்கள். கவரையும் ஆறு பங்காகப் போட்டுக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஆறு வீட்டு மாவும் ஒரே பேரில் போனது. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை.

பிறகு சேலத்துக் கடைக்காரர் ஒருவர் வந்தார். என் மனைவியின் மாவுதான் அவருக்குப் பிடித்தது. மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "பேர் உங்களுதுன்னு பதிவு பண்ணிக் காகிதம் குடுங்க, உங்க பேர்லயே விக்கறேன். இல்லைன்னா என் கவர்ல போட்டுக் குடுங்க" என்றார். அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தர்மபுரியில் ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டோம். மாதங்கள் கழித்து பதிவு ஆபீஸிலிருந்து ஆட்சேபம் வந்தது. படித்துப் பார்த்து வக்கீல் தலையை ஆட்டினார்.

"சாமைன்னா பொருளு, சித்தேரின்னா ஊரு. ரெண்டையும் ஒருத்தருக்கே எழுதிக் குடுத்துட்டா, மலையில சாமை வெச்சிருக்கிற மத்தவங்க என்னன்னு சொல்லி விப்பாங்க? அர்த்தமே இல்லாத பேரா வெச்சிருந்தா சுலபமா கிடைச்சிருக்குங்க."

உள்ளதை உள்ளபடி சொன்னது குற்றமாகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு வழி இருப்பதாகவும் சொன்னார். பல வருஷமாக இவர் ஒருவரே இந்தப் பேரில் விற்கிறார், பேரைக் கேட்டாலே ஜனங்களுக்கு இவர் மாவுதான் நினைவுக்கு வருகிறது என்று காட்ட வேண்டும். பழைய பில், கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரம். பில் எங்களிடம் ஏது? ஊருக்கெல்லாம் பில் போடுகிற நான் வீட்டு மாவுக்கு ஒன்றுகூடப் போட்டதில்லை. மிச்சம் இருந்தது பத்திரம்தான். தட்டச்சு செய்து நீட்டினார். என் மனைவி பேனாவைத் தொடவில்லை.

"ஆறு பேருமில்லீங்களா இந்தப் பேரைப் போட்டோம். எனக்கு மட்டும்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அவளைத் திட்டினேன். பிழைக்கத் தெரியாதவள் என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை கோவில்ல அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

மனு தள்ளுபடியானது. புதுப் பேர் வைத்து மறுபடி போட்டாலும் காகிதம் வர வருஷக்கணக்காகும் என்றார்கள். சேலத்துக்காரர் அதுவரை காத்திருக்கத் தயாரில்லை. அவருடைய பேர் ஏற்கெனவே பதிவானது. இரண்டு எழுத்து, எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. இப்போது அந்தக் கவரில்தான் என் மனைவி மாவை நிரப்பி ஒட்டுகிறாள். எங்கள் வீட்டு விலாசம்கூட அதில் எங்கேயோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு சேலத்திலிருந்து என் அக்கா வந்தாள். பையிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்து என் மனைவி கையில் கொடுத்தாள். அதே கவர்.

"கம்பெனி மாவு. என்னா வாசனைங்கற! நீயும் அரைக்கறயே, இந்தப் பக்குவம் வருதா பாரு."

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, அந்த மாவிலேயே கஞ்சி காய்ச்சி எங்கள் எல்லோருக்கும் ஊற்றினாள்.

"நல்லா இருக்குதுங்க அண்ணி. எனக்கு இப்படி வராது" என்றாள்.