காமிரா எண்ணிய மூன்றாவது ஆள்

எழுத்து எனக்குக் கோணல். படித்தது நாலாம் கிளாஸ் வரை, அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத்து பஞ்சாங்கமும் வாரப் பத்திரிகையும் பார்த்துக் கற்றுக்கொண்டது. மறதி வேறு. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆனால் அந்தத் தோடு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, கண்டுபிடித்தது நான்தான்.

என் வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி வந்த சமயம். தினமும் உட்கார்ந்து உடம்பை இரண்டு பக்கமும் சாய்த்துப் பழகாவிட்டால் பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இவரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மருமகள் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். மட்டாஞ்சேரி படகுத்துறையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வந்து, டிவியில் ஒரு ஜன்னல் மாதிரி அமைத்தாள். டிவி மேல் ஒரு பழைய காமிரா. அதைச் சுற்றிக் குட்டி பல்புகள், ரிமோட் முனையில் இருக்குமே, அந்த மாதிரி. அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது; அது மட்டும் உள்ளே போகட்டும் என்று காமிராவின் கண்ணில் கறுப்புப் பிலிம் வைத்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியில் பளபளப்பு டேப் மூன்று துண்டு ஒட்டினாள். வெளிச்சம் டேப்பில் பட்டுத் திரும்புவதை வைத்து, தலை எங்கே இருக்கிறதென்று காமிரா தெரிந்துகொள்ளும். தலையைச் சாய்த்தால் படகுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அக்கரை தெரியும். மறுபக்கம் சாய்த்தால் டிக்கெட் கௌண்டர். அக்கரையில் பிராட்வேயில் கடை வேலைக்குப் போன காலமெல்லாம் அவர் படகேறிய துறை.

முதல் நாள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் மாட்டேன் என்றுவிட்டார். "ஒத்தைக்கு எனக்கு வேண்டாம். அவளும் கூட இருந்து பாக்கட்டும்."

பக்கத்தில் இருந்து பார்த்தால் எனக்குப் படம் கோணலாகத் தெரிந்தது. அது அவர் தலைக்கு வரைந்த படம். அதனால் மருமகள் திரையைப் பாதியாகப் பிரித்தாள். இடது பாதி அவருக்கு, வலது பாதி எனக்கு. என் தலைக்கு டேப் இரண்டு துண்டு ஒட்டிய ஒரு பட்டை.

"மூணு புள்ளின்னா அப்பா, ரெண்டு புள்ளின்னா அம்மா. இனி குழப்பம் வராது," என்றாள்.

வந்தது. நான் உட்கார்ந்ததும் படகு துள்ளியது. அக்கரை எங்கேயோ ஓடியது.

"மூணு பேர் இருக்கான்னு காமிரா எண்ணறதே," என்றாள் மருமகள்.

"எமனா இருக்கும். உக்காரச் சொல்லி ஒரு சாயா கொடு," என்றார் அவர்.

இரண்டு நாள் அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். "ரெண்டு பேருக்கு இது வழங்காதுன்னு தோணறதும்மா," என்றாள், எழுந்து போகும் குரலில்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுச் சேட்டன் விசாரிக்க வந்தார். தலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டேன். படம் அப்படியே நின்றது.

சேட்டன் போனபின் தலைப்பை விலக்கினேன், படகு துள்ளியது. மூடினேன், நின்றது.

"இங்கே பாரு," என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். "உங்க வைரத்தோடாக்கும் மூணாவது ஆள். ரெண்டு காதுல ரெண்டு புள்ளி." பிறகு தயங்கி, "செத்த நேரம் கழட்டி வைக்கலாமோ?" என்று கேட்டாள்.

கல்யாணத்தன்று போட்டது. அவர் இப்படிக் கிடக்கும்போது அதைக் கழற்ற எனக்குக் கை வராது. "கழட்ட வேண்டாம். அது மேலேயே ஒட்டு. இந்தப் பட்டையை எடுத்துடு," என்றேன்.

டேப்பைப் பொட்டு அளவுக்கு வெட்டி இரண்டு தோட்டின் மேலும் ஒட்டினாள். கல்லின் மினுக்கம் மறைந்தது. எனக்கான இரண்டு புள்ளியும் அங்கேயே கிடைத்தது. இப்போது எண்ணிக்கை இரண்டு பேர்தான்.

"ஆச்சு, திரும்புங்கோ," என்றேன். திரும்பினார். நாங்கள் இரண்டு பேரும் பிடித்துத் தூக்க, எழுந்து உட்கார்ந்தார். அவர் ஒரு பக்கம் சாய, நான் ஒரு பக்கம் சாய, தோள் இடித்தது.

"தள்ளிக்கோ, இது என் பாதி. உனக்குக் கௌண்டர் தெரியறதோ?"

"தெரியறது. கூட்டமே இல்லை."

இப்போது வாக்கர் பிடித்து அடுக்களை வரை வருகிறார். இந்த மாதிரி ஜன்னல் வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்று மருமகள் சொன்னதால் எழுதினேன். பல்பு எத்தனை, காமிராவின் கண்ணில் வைத்த கறுப்புப் பிலிம் ஒன்றா இரண்டா என்பது எனக்கு ஞாபகமில்லை. அவள் ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டும். அவரிடம் கேட்க வேண்டாம். தன் பாதிதான் சின்னது என்று ஆரம்பித்துவிடுவார்.